‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசன் முடிவில் மார்க் ஏன் திரும்பி ஓடினான்?

கேள்வி இது: “செவரன்ஸ் தொடரின் இரண்டாம் சீசனை இப்போதுதான் முடித்தேன். மனைவியை மீட்கத் துணிந்து உள்ளே போனவன், அவளைக் கதவு வரை கூட்டிவந்துவிட்டு, கடைசி நிமிடத்தில் இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். இது துரோகம் இல்லையா? அடுத்த சீசனுக்காக இழுத்துவிட்டார்களா?”

துரோகம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. 2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை வெளியான எபிசோட் அது. அன்று இரவே தங்கையோடு உட்கார்ந்து பார்த்தேன். படிக்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜெம்மா நின்று கூப்பிடுகிறாள், இந்தப் பக்கம் மார்க் அசையாமல் நிற்கிறான். தங்கை திரையைப் பார்த்துக் கத்தினாள்: “எதுக்குடா நிக்கிற? போடா, போ!” அவன் போகவில்லை. திரும்பினான். திரை சிவந்து உறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அவள், “அந்தப் பொண்ணு என்னண்ணா பாவம் பண்ணுச்சு?” என்றாள்.

மறுநாள் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் ஜெம்மாவுக்காக மனம் அடித்துக்கொண்டது. ஆனால் மார்க் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஏன் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். முழுக் கதையும் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

தொடரின் அடிப்படையை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். லூமன் என்ற நிறுவனத்தில் சிலருடைய மூளைக்குள் ஒரு சிப் வைக்கிறார்கள். அலுவலக லிஃப்ட்டில் இறங்கும்போது வெளியுலக நினைவு முழுக்க அணைந்து, உள்ளே வேலை பார்க்கும் ஆள் விழித்துக்கொள்கிறான். சாயங்காலம் ஏறும்போது இது தலைகீழ். உள்ளே இருப்பவன் இன்னி, வெளியே இருப்பவன் அவுட்டி. தொடரை உருவாக்கிய டேன் எரிக்சன் கதவு சாமான் விற்கும் ஒரு நிறுவனத்தில் அலுவலக வேலை பார்த்தபோது, இந்த எட்டு மணி நேரம் தெரியாமலேயே கடந்துவிடாதா என்று ஏங்கியதிலிருந்து பிறந்த கதை இது. ஏங்கியவர் அவுட்டி. அந்த எட்டு மணி நேரத்தை யாராவது ஒருவர் வாழ்ந்துதானே ஆக வேண்டும்? அந்த ஆளைப் பற்றிய கதைதான் செவரன்ஸ்.

இன்னியின் வாழ்க்கையைக் கற்பனை செய்து பாருங்கள். அவனுக்கு இரவு கிடையாது, தூக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாலை லிஃப்ட் கதவு மூடும். கண் சிமிட்டினால் அதே கதவு திறந்து மறுநாள் காலை. அம்மா யார், ஊர் எது, எதுவும் தெரியாது. மார்க் இந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்ததே மனைவி ஜெம்மா விபத்தில் செத்துவிட்டாள் என்ற துக்கத்திலிருந்து தினமும் எட்டு மணி நேரமாவது தப்பிக்கத்தான். துக்கம் அவுட்டியுடையது. அதற்கான விலையைக் கட்டியவன் இன்னி.

ஜெம்மா சாகவில்லை, லூமன் கட்டடத்தின் அடித்தளத்தில் அடைத்து வைத்து அவள் மேல் சோதனை செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியவந்த பிறகு, நம் மனம் முழுக்க அவுட்டி மார்க்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதிலும் ‘சிக்காய் பார்டோ’ என்ற ஏழாவது எபிசோடில் அவர்கள் இருவரும் சந்தித்தது, காதலித்தது, குழந்தைக்காக ஏங்கியது, கரு தங்காமல் போனது எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். ஒளிப்பதிவாளர் ஜெசிகா லீ கான்யே முதன்முதலாக இயக்கிய எபிசோட் அது. இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அதைப் பார்த்தவர்கள் ஜெம்மா வெளியே வர வேண்டும் என்று வேண்டாமல் இருக்க முடியாது. நானும் வேண்டிக்கொண்டேன்.

இந்த மனநிலையோடுதான் ‘கோல்ட் ஹார்பர்’ என்ற கடைசி எபிசோடுக்குள் போகிறோம். 76 நிமிடம். ஓட்டம், சண்டை, ரத்தம் எல்லாம் பின்பாதியில் வருகிறது. ஆனால் முடிவு எழுதப்படுவது முன்பாதியில், ஒரு மரவீட்டில், ஒரு சின்ன வீடியோ கேமராவில்.

அந்த வீட்டின் உள்ளே இருந்தால் மார்க் இன்னி. கதவைத் தாண்டி வெளியே போனால் அவுட்டி. ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு பேரும் முதன்முறையாகப் பேசிக்கொள்கிறார்கள். இவன் பதிவு செய்து வைப்பான், கதவைத் தாண்டி அவன் பார்ப்பான், பதில் பதிவு செய்வான், திரும்ப உள்ளே வருவான். ஆடம் ஸ்காட் ஒருவரே இரண்டு பேர். சட்டை மாறவில்லை, தலைமுடி மாறவில்லை. ஆனால் யார் பேசுகிறார்கள் என்பதில் ஒரு நொடிகூட குழப்பம் வராது. அவுட்டி கொஞ்சம் தளர்ந்து, பேச்சில் அனுபவம் காட்டி, சிரித்து மழுப்புவான். இன்னி முதுகை நிமிர்த்தி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனைப் போல ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிக் கேட்பான்.

அவுட்டி முதலில் மன்னிப்புக் கேட்கிறான். உன்னை ஒரு கைதியாகப் படைத்துவிட்டேன் என்கிறான். பிறகு உதவி கேட்கிறான்: என் மனைவியை வெளியே கொண்டுவா. இன்னி நியாயமான கேள்வியைக் கேட்கிறான்: அவள் வெளியே வந்தால் லூமன் முடங்கும், அதோடு எங்கள் தளமும் முடியும், நாங்கள் எல்லாரும் இல்லாமல் போவோமே? அவுட்டியிடம் பதில் தயாராக இருக்கிறது. ரீஇன்டக்ரேஷன் என்று ஒன்று உண்டு, இரண்டு நினைவும் ஒன்றாகக் கலக்கும், உனக்கும் எனக்கும் ஒரே வாழ்க்கை, உனக்குப் பிடித்த அந்தப் பெண்ணையும் மறக்க மாட்டாய் என்கிறான். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லும்போது நாக்கு தடுக்குகிறது. “ஹெலெனி” என்கிறான்.

அவள் பெயர் ஹெல்லி. ஹெலெனா என்பது அவளுடைய அவுட்டி, லூமன் முதலாளியின் மகள். இரண்டையும் குழப்பி மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்கிறான். இன்னியின் வாழ்க்கையில் இருக்கும் ஒரே காதல் அது. அதன் பெயர்கூட இவனுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் இன்னியின் முகத்தைக் கவனியுங்கள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவன் அங்கேதான் கணக்குப் போடத் தொடங்குகிறான். நீ பல வருடம் வாழ்ந்தவன், நான் நேற்று வந்தவன். இரண்டும் கலந்தால் என்னில் எவ்வளவு மிஞ்சும்? குடத்துத் தண்ணீரில் ஒரு துளி மையா? கேள்வி வலுக்க வலுக்க அவுட்டியின் பொறுமை போகிறது. ஒரு கட்டத்தில் இன்னியைக் குழந்தை என்றே சொல்லிவிடுகிறான். மன்னிப்புக் கேட்டு ஆரம்பித்த பேச்சு அங்கே வந்து நிற்கிறது.

இதே தொடரில் ஒரு அவுட்டி தன் இன்னிக்கு வீடியோ அனுப்புவது இது முதல் முறை இல்லை. முதல் சீசனில் ஹெல்லி, வேலையை விட அனுமதி கேட்டு, கெஞ்சி, கடைசியில் தன் விரல்களை வெட்டிக்கொள்வேன் என்று மிரட்டி வீடியோ அனுப்புவாள். ஹெலெனாவிடமிருந்து பதில் வரும்: நான் ஒரு மனுஷி, நீ இல்லை, முடிவு எடுப்பவள் நான், நீ இல்லை. அதைப் பார்த்தபோது நம் எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. மார்க் அனுப்பிய வீடியோவில் அந்தக் கடுமை இல்லை. குரல் இதமாக இருக்கிறது, கண் கலங்கியிருக்கிறது. ஆனால் சொல்லும் சேதி ஒன்றேதான்: என் வாழ்க்கைதான் வாழ்க்கை, அதற்கு நீ உதவ வேண்டும். ஹெலெனா சொன்னபோது எதிர்த்த நாம், மார்க் சொன்னபோது தலையாட்டிவிட்டோம். காரணம், அவன் மனைவியை நமக்குப் பிடித்திருந்தது. என் கோபம் போன இடம் இதுதான்.

கடைசி எபிசோடிலேயே இன்னொரு சேதியும் வருகிறது. பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார்கள். மார்க்கோடு உள்ளே வேலை பார்க்கும் டிலன் வேலையை விட விண்ணப்பித்திருப்பான். தன் அவுட்டியின் மனைவி கிரெட்சனை அவன் விரும்பிவிட்டான், அது முறிந்துவிட்டது. அவனுடைய அவுட்டியிடமிருந்து கடிதம் வருகிறது. நீ செய்தது எனக்கு வலிக்கிறது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறான். ஆனால் உன் தைரியம் எனக்கு இல்லை, நீ அங்கே இருக்கிறாய் என்பது எனக்கு நிம்மதி, போவதும் இருப்பதும் உன் முடிவு என்கிறான். மூன்று அவுட்டிகளில் முடிவை இன்னியின் கையில் விட்டவன் இவன் ஒருவன்தான். அந்த டிலன்தான் பிறகு வந்து, அந்தத் தளத்தின் மேலாளர் மில்சிக்கைப் பூட்டி வைத்திருக்கும் கழிப்பறைக் கதவுக்கு முட்டாக விற்பனை இயந்திரத்தை நகர்த்தி வைக்கிறான். டிலனாக நடிக்கும் சாக் செர்ரி அந்தக் கடிதத்தைப் படிக்கும் முகத்துக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

சரி, இன்னி மார்க் மறுத்துவிட்டானே, பிறகு ஏன் ஜெம்மாவை மீட்டான்? இதில்தான் அவன் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. முன்பு அந்தத் தளத்தை நிர்வகித்த கோபெல் வந்து உண்மையைச் சொல்கிறாள்: நீ திரையில் பிரித்துப் பிரித்துப் போட்ட எண்கள் உன் மனைவியின் மனம். நீ முடித்த ஒவ்வொரு கோப்பும் அவளுக்குள் உருவான ஒரு புது ஆள். கோல்ட் ஹார்பர்தான் கடைசி. அது முடிந்தால் ஜெம்மாவும் முடிந்தாள். உனக்கும் ஹெல்லிக்கும் நல்ல முடிவு என்று ஒன்று கிடையாது என்றும் சொல்கிறாள். அவன் நம்பத் தயங்குகிறான். வேலைக்குத் திரும்பி ஹெல்லியிடம் சொல்கிறான். அவள்தான் போ என்கிறாள். நான் ஹெலெனா, மார்க். எனக்கு வெளியே வாழ்க்கை இல்லை, ஆனால் உனக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது என்பது அவள் வாதம். போவதற்கு முன் இரண்டு பேரும் பூமத்திய ரேகை என்பது என்ன என்று பேசிக்கொள்கிறார்கள். உலகத்தைப் பார்த்தே இராத இரண்டு பேர், உலகத்தின் நடுவில் ஓடும் கோட்டைப் பற்றிப் பேசிப் பிரிகிறார்கள். ஹெல்லியாக நடிக்கும் பிரிட் லோவருக்கு 2025 எம்மி விருது கிடைத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் காட்சிதான்.

ஆக, ஜெம்மாவைக் காப்பாற்றியவன் இன்னி. தனக்கு எந்த லாபமும் இல்லை, தன் முடிவு நெருங்கும் என்று தெரிந்தே போனான். தெரியாத ஒரு பெண்ணுக்காக. அவுட்டி போனது காதலுக்காக. இன்னி போனது நியாயத்துக்காக.

மீட்பைப் பற்றி நிறைய எழுதலாம். பேண்டு வாத்தியக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் ஆடும் மில்சிக், ஆட்டைக் காப்பாற்ற எதிர்த்து நிற்கும், ஆடு வளர்க்கும் பிரிவின் லோர்ன் எல்லாமே அருமை. மேசை மேல் ஏறி நின்று, நமக்குப் பாதி வாழ்க்கை கொடுத்துவிட்டு அதற்காகச் சண்டை போட மாட்டோம் என்று நினைக்கிறார்கள் என்று ஹெல்லி பேசும்போது எனக்குச் சிலிர்த்தது. மில்சிக்காக நடிக்கும் டிரமெல் டில்மனுக்கும் எம்மி கிடைத்தது, தகுதியான விருது.

ஒரே ஒரு இடத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். லூமன் அதிகாரி டிரம்மண்டின் கழுத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு லிஃப்ட்டில் இறங்குகிறான் இன்னி. பாதி வழியில் ஆள் மாறும்போது உடம்பு ஒரு துடிப்புத் துடிக்கும். தொடர் முழுக்க நாம் பார்த்துப் பழகிய துடிப்பு. விரல் அசைகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. கண் விழிக்கும் அவுட்டியின் முன்னால் ஒரு பிணம் சாய்கிறது, மேலெல்லாம் ரத்தம். இன்னி சுடவில்லை, அவுட்டியும் சுடவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளி சுட்டது. அந்த ரத்தம் ஊறிய டையைத்தான் கோல்ட் ஹார்பர் என்றே பெயரிட்ட சோதனை அறையின் பூட்டில் தேய்த்துத் திறக்கிறான். உள்ளே, தங்கள் பிறக்காத குழந்தைக்காக வாங்கியது போன்ற ஒரு தொட்டில் கட்டிலை ஜெம்மா அமைதியாகக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். வலியே இல்லாமல் அவளால் அதைக் கழற்ற முடிகிறதா என்பதுதான் சோதனை. முடிகிறது. அதைவிடக் கொடூரமான காட்சி இந்தத் தொடரில் இல்லை.

இனி கதவு. லிஃப்ட்டில் மார்க்கும் ஜெம்மாவும் முத்தமிட்டுக்கொண்டே மேலே வருகிறார்கள். வழியில் இருவரும் மாறிவிடுகிறார்கள். இப்போது இருப்பது இன்னி மார்க்கும், அலுவலகத்தில் ஆலோசகராக இருந்த மிஸ் கேசியும். அவன் அவளை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், கதவைத் திறக்கிறான், வெளியே அனுப்புகிறான். கதவைத் தாண்டியவள் ஜெம்மா.

மிஸ் கேசி எங்கே போனாள்? முதல் சீசனில் அவள் மார்க்கிடம் சொல்வாள்: என் மொத்த வாழ்நாள் 107 மணி நேரம். அதில் பெரும்பகுதி அரை மணி நேர ஆலோசனைகள்; ஹெல்லியைக் கவனித்துக்கொள்ள உங்கள் அறையில் உட்கார்ந்திருந்த அந்த எட்டு மணி நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பெண் கதவுக்கு வெளியே கால் வைத்ததும் இல்லாமல் போனாள். போகிறாயா, இருக்கிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேமராவும் இல்லை, கடிதமும் இல்லை. அவுட்டி தனக்குச் செய்யப் பார்த்ததை இன்னி மார்க் அவளுக்குச் செய்துவிட்டான். வேறு வழி இல்லை, நேரமும் இல்லை, ஜெம்மாவைக் காப்பாற்ற அதுதான் வழி. ஆனாலும் நடந்தது அதுதான். துரோகம் என்ற சொல்லை இந்த எபிசோடில் எங்காவது வைத்தே ஆக வேண்டும் என்றால், நான் இங்கேதான் வைப்பேன்.

அந்த வாசலில்தான் மார்க் நிற்கிறான். ஒரு அடி எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் கண்ணெதிரே பார்த்தான்: தாண்டியவள் மறைந்தாள். பின்னால் ஹெல்லி வந்து நிற்கிறாள். அவள் கூப்பிடக்கூட இல்லை. மனைவியா காதலியா என்று அவன் தேர்ந்தெடுப்பதாக நாம் பார்க்கிறோம். அவனுக்கு ஜெம்மா மனைவியே இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பெயர். வெளியே போனால் சாவு, உள்ளே இருந்தால் இன்னும் சில நிமிடமாவது உயிர், அதுவும் நேசிக்கும் பெண்ணோடு. கேட்ட வேலையைச் செய்து முடித்துவிட்டான். அதற்கு மேல் உயிரையும் கொடு என்று கேட்க அவுட்டிக்கும் உரிமை இல்லை, நமக்கும் இல்லை.

இழுவையா என்று கேட்டீர்கள். இந்த சீசனின் முதல் காட்சியைப் போட்டுப் பாருங்கள். லிஃப்ட்டிலிருந்து வெளியே வரும் மார்க், வெள்ளைத் தாழ்வாரங்களில் தன்னந்தனியாக ஓடுகிறான், மிஸ் கேசியைத் தேடி. கடைசிக் காட்சியில் அதே தாழ்வாரங்களில் சிவப்பு வெளிச்சத்தில் ஓடுகிறான், கையில் ஹெல்லியின் கை. இரண்டையும் இயக்கியவர் பென் ஸ்டில்லர். தேடி ஓடியவளைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டு, தனக்காக ஓடும் ஓட்டம் அது. முதல் சீசனின் முடிவில், 2022 ஏப்ரலில், “அவள் உயிரோடு இருக்கிறாள்” என்று அவன் கத்தும்போது வெட்டினார்களே, அது இழுவை. நல்ல இழுவை, ஆனால் இழுவைதான். எழுத்தாளர், நடிகர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, அந்தக் கத்தலுக்குப் பதில் வர 2025 ஜனவரி வரை காத்திருந்தோம். இந்த முறை கதை முடிந்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு காட்சிகூட வராமல் போயிருந்தாலும் எனக்குக் குறை இருந்திருக்காது. எபிசோட் வந்த அன்றே மூன்றாவது சீசனை அறிவித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மார்க்கோடு வேலை பார்த்த எர்விங்கை ஒன்பதாவது எபிசோடில் ரயில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசியில் அவன் இல்லாமலேயே முடித்தது எனக்கு வருத்தம். எர்விங்காக நடித்த ஜான் டர்டுரோ இல்லாத இடம் தெரிகிறது. வலியே இல்லாத மனிதர்களை உருவாக்கி லூமன் என்ன செய்யப் போகிறது என்பதையும் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் தங்கையிடமும் சொன்னேன். கேட்டாள். பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டாள். ஆனால் “அதெல்லாம் சரிண்ணா, இதை ஜெம்மாகிட்ட யார் சொல்லுவா?” என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசி நிமிடங்களை மூன்றாவது முறை பார்த்தேன், இந்த முறை ஜெம்மாவாக நடிக்கும் டிச்சென் லாக்மனின் முகத்தை மட்டும். லிஃப்ட்டில் புருஷனை முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டினாள். படிக்கட்டில் நிற்கிறாள், கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். நடுவில் நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது.